குழந்தையின் தலையில் ஏன் பொருக்கு?

1984-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. நான் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்த என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. தினமும் காலையில் அப்பாயி முற்றத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவார். வெந்நீர் மொண்டு கொடுப்பது என் வேலை.

ஒருநாள் குழந்தையின் உச்சந்தலையில், மெழுகுவர்த்தி உருகிக் காய்ந்தாற்போல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. முதலில் நாலணாக் காசு அளவுதான் இருந்தது. பத்தே நாளில் நெற்றி வரை இறங்கிவிட்டது. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும்கூடப் பொடிப்பொடியாகச் செதில்கள் தெரிந்தன. குழந்தையோ எதையும் பொருட்படுத்தவில்லை. நன்றாகப் பால் குடித்தது, தூங்கியது, கை காலை உதைத்து விளையாடியது. தூக்கம் கெட்டதெல்லாம் பெரியவர்களுக்குத்தான்.

பேரனைப் பார்க்க வந்த அக்காவின் மாமியார் குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரப்பான்தான் இது. பிள்ளை பெத்தவ வாயைக் கட்டியிருக்கணும் சம்பந்தி. கத்தரிக்காயும் கருவாடும் தின்னா அது பால்ல இறங்காம எங்கே போகும்?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. அக்கா அன்றிலிருந்து ரசஞ்சோறு மட்டும்தான் சாப்பிட்டாள். பால் கொடுக்கும் தாய் இரண்டு வாரம் காய்கறியும் மீனும் பருப்பும் இல்லாமல் இருந்தாள். பொருக்கு மட்டும் குறையவில்லை.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அந்த வயதில் என் தலை நிறையப் பொடுகு. பள்ளிச் சட்டையின் தோளில் எப்போதும் வெள்ளைத் தூள் கிடக்கும். நான் சீவும் சீப்பால்தான் ஒருநாள் குழந்தைக்கும் சீவிவிட்டேன். அப்படியானால் கொடுத்தவன் நான்தானே? கொடுத்ததை நானே எடுத்துவிடலாம் என்று, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேன்சீப்பால் அந்தப் பொருக்கைச் சுரண்டினேன். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அதோடு கொஞ்சம் முடியும் வந்தது. அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் அங்கே சீழ் வைத்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, அக்காவிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கும் உன் சாப்பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாளையிலேர்ந்து நல்லா சாப்பிடு" என்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். "தம்பி, உன் தலையிலயும் அவன் தலையிலயும் நடக்கிற கதை ஒண்ணுதான். ஆனா நீ அவனுக்குக் கொடுக்கலை" என்று சிரித்தார்.

ஒரே கதை, ஆனால் தொற்றவில்லை என்றால் எப்படி? அந்தப் புதிர் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தம்பி தங்கைகள், அக்கா அண்ணன் குழந்தைகள் இருப்பார்கள். என்னைப் போலப் பேன்சீப்பை எடுக்கும் முன் நீங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உதிரும் தோல்

நம் மேல்தோலின் அடிவரிசையில் புதிய செல்கள் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கின்றன. பிறந்த செல்லைப் பின்னால் வரும் செல்கள் மேலே தள்ளுகின்றன. மேலே ஏற ஏற, அது கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்புகிறது, உட்கருவை இழக்கிறது, காய்ந்து தட்டையாகிறது. அடியிலிருந்து மேற்பரப்புக்கு வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். இப்படி உயிரற்றுப்போன செல்கள் பதினைந்து இருபது அடுக்குகளாக நம்மைப் போர்த்தியிருக்கின்றன. மேலடுக்குச் செல்கள் ஒன்றிரண்டாக உதிர்வதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அலமாரியின்மேல் படியும் தூசியில் நம் பங்கும் உண்டு!

தோலில் எரிச்சல் ஏற்பட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. செல்கள் அவசர அவசரமாக மேலே தள்ளப்படுகின்றன. பக்குவப்பட நேரம் கிடைக்காததால் பலவற்றில் உட்கரு அப்படியே இருக்கும். ஒன்றையொன்று விடாமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பெயரும். நூற்றுக்கணக்கான செல்கள் சேர்ந்த அந்தத் தகடுதான் நாம் காணும் செதில். காய்ந்த செதில் உதிர்ந்தால் பொடுகு என்கிறோம். அதில் எண்ணெய் ஊறிப் பசையாகித் தலையிலேயே ஒட்டிக்கொண்டால் அதுதான் குழந்தையின் தலைப் பொருக்கு. ஆங்கிலேயர் இதற்குத் 'தொட்டில் தொப்பி' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் 'பால் பொருக்கு' என்றார்கள். பாலின்மேல் பழி போடும் வழக்கம் எங்கள் சம்பந்தியம்மாளோடு தொடங்கியதன்று!

சரி, குழந்தையின் தலையில் அவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வருகிறது? பாட்டி தேய்த்த எண்ணெயா? அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பெரும்பகுதி உள்ளே இருந்து வருகிறது.

விழித்து, உறங்கி, மறுபடி விழிக்கும் சுரப்பி

ஒவ்வொரு முடியின் வேர்க்குழியை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. முகத்திலும் தலையிலும் இவை மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 வரை இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. இந்தச் சுரப்பி வேலை செய்யும் விதம் விசித்திரமானது. உமிழ்நீர்ச் சுரப்பியின் செல் நீரைச் சுரந்துவிட்டுத் தான் உயிரோடு இருக்கும். எண்ணெய்ச் சுரப்பியின் செல்லோ உடல் முழுவதும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பருத்து, கடைசியில் வெடித்துத் தானே எண்ணெயாகிவிடுகிறது. இந்த எண்ணெய்க்கு 'சீபம்' என்று பெயர்.

சுரப்பி எப்போது வேலை செய்ய வேண்டும் என்று கட்டளையிடுவது ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பெயரைப் பார்த்து இவை ஆண்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். பெண்களின் உடலிலும் இவை உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் அட்ரினல் சுரப்பி, அதன் உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அது ஏராளமாக இவ்வகை ஹார்மோன்களுக்கான மூலப்பொருளைச் சுரக்கிறது. தாயின் ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே எண்ணெய்ச் சுரப்பிகள் கருவிலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. பிறந்த குழந்தையின் உடலில் வெண்ணெய் பூசியதுபோல் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்குமே, அதில் ஒரு பகுதி இந்தச் சீபம்தான். ஒன்பது மாதம் நீரில் ஊறும் தோலுக்கு அது காப்பு.

பிறந்த பிறகும் சில வாரங்களுக்குக் குழந்தையின் தோல் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு எண்ணெய் சுரக்கிறது. பச்சிளம் குழந்தைகள் சிலருக்கு முகப்பருகூட வருவதுண்டு! பிறகு அட்ரினலின் அந்தப் பெரிய பகுதி சுருங்குகிறது, தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களும் தீர்ந்துபோகின்றன. கட்டளை நின்றுவிட்டதால் சுரப்பிகள் உறங்கத் தொடங்குகின்றன. ஒரு வயதுக்குள் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். அந்த உறக்கம் ஆறு ஏழு ஆண்டு நீடிக்கும். ஏழெட்டு வயதில் மெல்லப் புரண்டு படுத்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சுரப்பிகள் முழுதாக விழித்துக்கொள்கின்றன. அப்போதுதான் உங்களுக்குப் பருவும் பொடுகும்!

டாக்டரம்மா சொன்ன 'ஒரே கதை' இதுதான். பத்து வாரக் குழந்தைக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் தலையில் எண்ணெய் உண்டு. நடுவில் இருக்கும் நான்கு வயதுச் சிறுமிக்கு இல்லை. தலைப் பொருக்கு பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று மாதங்களில் தோன்றி, ஒரு வயதுக்குள் தானாகவே மறைந்துவிடுவது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது. 1887இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா இந்த வகைத் தோல் அழற்சியை விவரித்தபோது, கொழுப்பு வழிவது என்று பொருள் தரும் 'செபோரியா' என்ற சொல்லை அடிப்படையாக வைத்துத்தான் பெயரிட்டார்.

தலையில் குடியிருக்கும் விருந்தாளி

எண்ணெய் மட்டும் இருந்தால் தோல் ஏன் எரிச்சல் அடைய வேண்டும்? இங்கே இன்னொருவர் வருகிறார்.

1874இல் பாரிஸ் நகரில் மலசே என்ற அறிஞர் பொடுகுச் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உருண்டையும் நீள்வட்டமுமான சிறு செல்கள் தெரிந்தன. சில செல்களின் ஓரத்தில் மொட்டுப்போல் ஒரு புடைப்பு. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டைப் போன்ற பூஞ்சை அது. பின்னர் அவர் பெயராலேயே அதற்கு 'மலசீசியா' என்று பெயர் வந்தது.

ஆனால் அதை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது பெரும்பாடாக இருந்தது. மற்றப் பூஞ்சைகளுக்கு உகந்த சர்க்கரையும் புரதமும் கலந்த ஊட்டத்தில் வைத்தால் இது வளராது. சர்க்கரை இருந்தும் பட்டினி! 1939இல் அமெரிக்காவில் ரோடா பென்ஹாம் என்ற பெண் விஞ்ஞானி விடை கண்டார். இந்தப் பூஞ்சைக்குத் தேவை கொழுப்பு. ஊட்டத்தின்மேல் எண்ணெய் இருந்தால் செழித்து வளரும். காரணம் என்ன என்பது 2007இல் மலசீசியா இனம் ஒன்றின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது தெரிந்தது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கத் தேவையான மரபணு அதனிடம் இல்லை. நாமும் மற்ற உயிரினங்களும் உடலுக்குள் செய்துகொள்ளும் ஒன்றை அது வெளியிலிருந்து கடன் வாங்கியே வாழ்கிறது. அதனால்தான் எண்ணெய் சுரக்கும் தலையையும் முகத்தையும் மார்பையும் தன் ஊராக வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பூஞ்சை உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது. பொடுகே இல்லாதவர் தலையிலும் இருக்கிறது. குழந்தை பிறந்து சில நாள்களிலேயே தாயின் தோலிலிருந்தும், தூக்கிக் கொஞ்சும் எல்லோரிடமிருந்தும் அதன் தோலில் வந்து குடியேறிவிடும். ஆகவே என் சீப்பு குழந்தைக்குப் புதிதாக எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. (சுரண்டியதற்கு மன்னிப்பு இல்லைதான்.)

சீபத்தில் உள்ள கொழுப்பை மலசீசியா நொதிகளால் உடைக்கிறது. உடைத்ததில் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை உண்டுவிட்டு, வேண்டாதவற்றை விட்டுவிடுகிறது. அப்படி மீந்துபோவதில் முக்கியமானது ஒலீயிக் அமிலம். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பொடுகு வரும் இயல்புடையவர்கள் தலையிலும், வராதவர்கள் தலையிலும் ஒலீயிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். முன்னவர்களுக்குச் செதில் உதிர்ந்தது, பின்னவர்களுக்கு உதிரவில்லை. எண்ணெய், பூஞ்சை, அவரவர் தோலின் இயல்பு ஆகிய மூன்றும் கூட வேண்டும் போலும். பச்சிளம் குழந்தையின் பொருக்கில் பூஞ்சையின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பூஞ்சைக்கு எதிரான மருந்தில் பல குழந்தைகளுக்குக் குறைகிறது, மருந்தே இல்லாமலும் குறைகிறது! தாயின் சாப்பாடு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் யாராவது கத்தரிக்காயைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

எந்த எண்ணெய், எவ்வளவு நேரம்?

பொருக்கு வலிப்பதில்லை, பெரும்பாலும் அரிப்பதும் இல்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் கேடில்லை. ஆனால் பார்க்கச் சகிக்காமல் வீட்டில் யாராவது எதையாவது செய்யப்போவது நிச்சயம். அதனால் சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

ஊறினால் இளகும், காய்ந்தால் ஒட்டும் என்பதுதான் அடிப்படை. குளிப்பாட்டுவதற்குக் கால் மணி, அரை மணி நேரம் முன்னால் பொருக்கின்மேல் கொஞ்சம் எண்ணெய் தடவி ஊற விட வேண்டும். பிறகு குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு சிறிது எடுத்து, விரல் நுனியால் (நகத்தால் அன்று!) வட்டமாகத் தேய்த்து, மிருதுவான துணியாலோ குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷாலோ இதமாக வருடினால் இளகிய செதில் தானே வந்துவிடும். வராததை விட்டுவிடுங்கள், அடுத்த முறை வரும். எண்ணெய் முழுதும் போகும்படி அலச வேண்டும். இதில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. எண்ணெய் ஊறட்டும் என்று இரவு முழுக்க விடுகிறார்கள், அல்லது குளிப்பாட்டிய பிறகு மறுபடி தடவுகிறார்கள். பூஞ்சைக்கு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும். செதிலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பொருக்கு தடிக்கும்.

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு வேதியியலைக் கேட்க வேண்டும். ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம், நூற்றில் ஏறத்தாழ எழுபது பங்கு இருக்கும். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஏறக்குறைய நாற்பது பங்கோ அதற்குச் சற்று மேலோ உண்டு. தேங்காயெண்ணெயில் ஆறேழு பங்குதான். அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். ஆகவே விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்கிக் குழந்தையின் தலையில் தேய்ப்பதைவிட நம் தேங்காயெண்ணெயே மேல் என்பது என் கட்சி. ஆனால் தேங்காயெண்ணெயும் கொழுப்புதான், பூஞ்சை அதையும் முற்றிலும் ஒதுக்கிவிடாது. கடைகளில் 'பேபி ஆயில்' என்று விற்பவற்றில் பல கனிம எண்ணெய்கள். மண்ணெண்ணெய், பாரஃபின் குடும்பத்தைச் சேர்ந்த, நன்கு தூய்மைப்படுத்தப்பட்ட ஹைட்ரோகார்பன்கள் அவை. கொழுப்பு அமிலமே அவற்றில் இல்லாததால் மலசீசியாவுக்கு அங்கே உணவில்லை. எதைத் தடவினாலும் அலசிவிடுவதுதான் முக்கியம்.

சீயக்காய் வேண்டாம், கண்ணில் பட்டால் குழந்தை துடித்துப்போகும். பயத்தமாவு, கடலைமாவு தேய்ப்பவர்கள் உண்டு. அந்த மாவு பொருக்கின் இடுக்கில் தங்கி இன்னொரு பூச்சாகிவிடும். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். அது விளையாட்டல்ல.

இன்னொரு தயக்கம் உச்சிக்குழியைப் பற்றியது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராத அந்த இடம் 'தொட்டால் ஆபத்து' என்று பயந்து பலர் அதன்மேல் கை வைப்பதே இல்லை. பொருக்கு அங்கேயே தடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உண்மையில் உச்சிக்குழிக்குமேல் உறுதியான சவ்வு இருக்கிறது. இதமாகத் தேய்த்துக் கழுவுவதால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுவாக்கில் அது மூடிவிடும்.

பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் பொடுகு மருந்தைக் குழந்தைக்குப் போடலாமா? கூடாது. காரணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடற்பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர். 60 கிலோ எடையுள்ளவரின் உடற்பரப்பு ஏறத்தாழ 16,500 சதுர சென்டிமீட்டர். கிலோவுக்குப் பார்த்தால் குழந்தைக்கு 667, பெரியவருக்கு 275. அதாவது ஒரு கிலோ எடைக்குக் குழந்தையிடம் இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் தோல் இருக்கிறது. மேலே தடவிய மருந்து உள்ளே ஊறும் வாசலும் அந்த அளவுக்குப் பெரிது. பொடுகு மருந்துகள் சிலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலம் இப்படி ரத்தத்தில் கலந்து நஞ்சாக மாறக்கூடும். பூஞ்சைக்கொல்லி ஷாம்புவோ களிம்போ தேவையானால் மருத்துவர் சொல்லட்டும்.

நடை பழகிய பிறகும் செதில் உதிர்ந்தால்

இதுவரை சொன்னது மடியில் தவழும் குழந்தையைப் பற்றி. இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தையின் தலையில் செதில் தெரிந்தால் என்ன செய்வது? சில குழந்தைகளுக்குப் பழைய பொருக்கே ஒரு வயதைத் தாண்டியும் கொஞ்சநாள் நீடிப்பதுண்டு. அதற்கு முன்சொன்ன முறையே போதும். ஆனால் தலை சுத்தமாக இருந்து, இரண்டு வயதுக்குமேல் புதிதாகச் செதில் தோன்றினால் யோசிக்க வேண்டும். அந்த வயதில் எண்ணெய்ச் சுரப்பி உறங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோமே! எண்ணெய் இல்லாத இடத்தில் உண்மையான பொடுகு வருவது அரிது. பெரியவர்கள் "பொடுகுதான்" என்று சொன்னாலும், வேறு ஏதாவது இருக்குமோ என்று பார்ப்பதே முறை.

சில குழந்தைகளுக்குத் தோல் இயல்பாகவே வறட்சியானது. கன்னம், முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் சிவந்து சொரசொரப்பாகி, இரவில் சொறிந்து சொறிந்து அழும். அது எக்ஸிமா. அங்கே காரமான சோப்பு நிலைமையை மோசமாக்கும். சிலருக்கு வெள்ளி நிறத்தில் தடித்த செதிலோடு சொரியாசிஸ் வருவதும் உண்டு. சில வேளை நாம் செதில் என்று எண்ணுவது ஈராகவும் இருக்கும். ஊதிப் பாருங்கள், விரலால் இழுத்துப் பாருங்கள். செதில் முடியோடு வழுக்கி வந்துவிடும். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் பசைபோட்டு ஒட்டியதுபோல் அசையாமல் நிற்கும்.

எல்லாவற்றிலும் தவறவிடக் கூடாதது படர்தாமரை. உடலில் வட்டமாகப் படரும் அதே நோய்தான், தலையிலும் வரும். எங்கள் தெருவில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நான்கு மாதம் பொடுகு என்று சொல்லி எண்ணெயும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார்கள். பிறகு மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டார்கள். சிவப்பு குறைந்தது, வட்டம் மட்டும் பெரிதானது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையை வளரவிடும். கடைசியில் தோல் மருத்துவர் நான்கைந்து முடியைப் பிடுங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தார். அதற்குள் குழந்தையின் அண்ணனுக்கும் வந்துவிட்டது.

இந்தப் பூஞ்சை மலசீசியாவைப் போலச் சாதுவான விருந்தாளி அன்று. கெரட்டினையே தின்னும். முடிக்குள் புகுந்து முடியை ஒடித்துவிடும். ஆகவே செதிலோடு முடியும் உதிர்ந்து வட்டத் திட்டு தெரிந்தாலோ, ஒடிந்த முடி கரும்புள்ளிகளாகத் தெரிந்தாலோ, கழுத்தின் பின்புறம் நெறி கட்டினாலோ அது பொடுகாக இருக்க வாய்ப்பில்லை. இது சீப்பு, தொப்பி, தலையணை வழியாக நிச்சயமாகத் தொற்றும். சில நேரம் வீட்டுப் பூனையிடமிருந்தும் வரும். களிம்பு முடியின் வேர்வரை போய்ச் சேராது என்பதால், மருத்துவர் சொல்லும் மாத்திரையையோ மருந்தையோ பல வாரம் உட்கொண்டால்தான் தீரும்.

அந்த மாத்திரை வருவதற்குமுன் என்ன செய்தார்கள் தெரியுமா? 1904 முதல், பாரிஸில் சபூரோ என்ற புகழ்பெற்ற தோல் மருத்துவர் காட்டிய வழியில், குழந்தைகளின் தலையில் எக்ஸ்-கதிர் செலுத்தி முடி முழுவதையும் உதிரச் செய்தார்கள். முடி போனால் பூஞ்சையும் போகும்! உண்மையிலேயே பலருக்குக் குணமாயிற்று. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. அப்படிச் சிகிச்சை பெற்ற சுமார் 11,000 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த இஸ்ரேல் விஞ்ஞானிகள், அவர்களிடம் மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாக இருப்பதை 1974இல் அறிவித்தார்கள். நல்லவேளையாக 1958இல் ஜென்டில்ஸ் என்பவர் கிரிசியோஃபல்வின் என்ற மருந்தை வாய்வழி கொடுத்துக் கினிப் பன்றிகளின் படர்தாமரையைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். அந்த மருந்து ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 1939இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டு அதன் அருமை தெரியாமல் கிடந்திருக்கிறது.

கைக்குழந்தையின் பொருக்குக்கும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் உண்டு. தலை சிவந்து நீர் கசிந்தால், சீழோ கெட்ட வாடையோ இருந்தால், குழந்தை தலையைத் தேய்த்துத் தேய்த்து அழுதால், செதில் முகம், கழுத்து, அக்குள், இடுப்பு என்று உடம்பெங்கும் பரவினால், காய்ச்சலோ ஓயாத வயிற்றுப்போக்கோ எடை ஏறாமையோ கூட இருந்தால் காத்திருக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக் குழந்தைக்கு நான் சுரண்டிய புண் ஆறியது. பொருக்கு ஐந்தாம் மாதத்தில் தானே போய்விட்டது. இப்போது அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. முடி குறைந்துகொண்டு வருவதால் இப்போதெல்லாம் நன்றாகவே தெரிகிறது.

செய்து பாருங்கள்

எண்ணெய்ச் சுரப்பியின் உறக்கத்தையும் விழிப்பையும் உங்கள் வீட்டிலேயே காணலாம். 1961இல் ஸ்ட்ராஸ், போச்சி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நெற்றியில் சிகரெட் சுற்றும் தாளை மூன்று மணி நேரம் ஒட்டி வைத்து, அதில் ஊறிய சீபத்தை எடை போட்டார்கள். உங்களுக்குத் தராசு வேண்டாம், பட்டம் செய்யும் மெல்லிய வெள்ளைத் தாள் போதும்.

தாளை ஒரே அளவாக, இரண்டு விரல் அகலச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள், ஐந்தாறு வயதுத் தம்பியோ தங்கையோ, அம்மாவோ அப்பாவோ, பாட்டி என நான்கு பேர் வேண்டும். எல்லோரும் காலையில் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் கூடாது, நெற்றியைத் தொடவும் கூடாது. மூன்று மணி நேரம் கழித்து ஆளுக்கொரு தாளை நெற்றியில் வைத்து, முப்பது எண்ணும்வரை மெல்ல அழுத்தி எடுங்கள். தாளில் பெயரும் வயதும் எழுதுங்கள். வியர்வை பட்டிருந்தால் காய்ந்து மறைந்துவிடும், எண்ணெய்ப் பொட்டு மறையாது. அதனால் பத்து நிமிடம் நிழலில் உலர்த்திவிட்டு, தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் ஒளியைக் கசியவிடும். கட்டம்போட்ட தாளின்மேல் வைத்து, ஒளி கசியும் பரப்பு எத்தனை கட்டம் என்று எண்ணி, வயதையும் கட்டத்தையும் வரைபடமாக வரையுங்கள். இரண்டு மாதக் குழந்தை இருக்கும் வீடானால், அம்மாவின் அனுமதியோடு, அது தூங்கும்போது நெற்றியில் ஐந்தாவது தாளை ஒற்றி எடுக்கலாம். அழுத்த வேண்டாம், தாள் மூக்கின்மேல் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.